பெல்ட் கீச்சிட்டதும் இறுக்காதீர்கள்

வீட்டுப் பட்டறையில் புதிதாக இயந்திரம் பூட்டுகிறவர்களைப் பார்க்கும்போது, தொடக்கத்தில் நான் செய்த தவறுகள் ஒன்று விடாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். கவசம் போடுங்கள், ஓடும் பெல்ட்டில் கை வைக்காதீர்கள் என்பதை எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேய்ந்த புல்லியில் பெல்ட்டை இறுக்குவது

என் லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் வி-பெல்ட், அதாவது ஆப்பு வடிவ வார், சுமை ஏறும்போதெல்லாம் நழுவிக் கீச்சிட்டது. மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி ஒரே வாரத்தில் மூன்று முறை இறுக்கினேன்; மூன்றாம் முறைக்குப் பின் சுண்டிப் பார்த்தால் பெல்ட் தந்திபோல் ஒலித்தது. சத்தம் அடங்கியது, ஆனால் சில வாரங்களில் மோட்டாரின் தண்டைத் தாங்கும் முன்பக்கப் பேரிங் இரையத் தொடங்கியது. அதை மாற்றி, அதே இறுக்கத்தில் மீண்டும் ஓட்டி, இரண்டாவது பேரிங்கையும் பறிகொடுத்த பிறகுதான் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்தைக் குனிந்து பார்த்தேன். அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னியது.

வி-பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரு சாய்ந்த சுவர்களை ஆப்புப்போல் நெருக்கித்தான். சுவர்கள் தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டால் அந்த நெருக்கம் போய்விடுகிறது. அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு சொற்பமாகவே கூடும், மீதி விசையெல்லாம் பேரிங்கின் தலையில்தான் விழும். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனெனில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்போடு ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். பள்ளத்தின் அடி மங்கலாக இருக்க வேண்டும். மின்னினால் புல்லியை மாற்றுங்கள். 13 மி.மீ. அகலமுள்ள ஏ வகைப் பெல்ட்டை 17 மி.மீ. பெல்ட்டுக்கான பி வகைப் பள்ளத்தில் மாட்டினாலும் இதே கதைதான்.

புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் சற்றுத் தளரும். அப்போது ஒருமுறை சரிசெய்தால் போதும்.

ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றுவது

பெல்ட்டை இப்படி மாட்டினால் அதன் உள்ளிருக்கும் இழை அறுந்துபோகும். மோட்டாரை நகர்த்தித் தளர்வாக்கி மாட்டுங்கள்.

நேர்கோடு

இரு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று அவற்றின் முகத்தில் நூல் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் இரு விளிம்புகளிலுமாக நான்கு இடங்களிலும் தொட வேண்டும். விளிம்புத் தடிமன் வேறுபட்டால் முகத்தை நம்பாமல் பள்ளத்தின் மையத்தை அளக்க வேண்டும்.

வேகத்தைக் குறைக்கக் குட்டிப் புல்லி

நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 75 மி.மீ. புல்லியும் எதிரில் 150 மி.மீ. புல்லியும் மாட்டினால் 720 சுற்று கிடைக்கும். அதையும் குறைக்க மோட்டாரில் 40 மி.மீ. புல்லி மாட்டுகிறார்கள். ஏ வகைப் பெல்ட் அவ்வளவு கூர்மையாக வளைந்தால் சூடேறி விரிசல் விடும், சுற்றிப் பிடிக்கும் பரப்பும் குறையும். நடுவே இன்னொரு தண்டு வைத்து வேகத்தை இரண்டு கட்டமாகக் குறையுங்கள்.