இசைவிழாவில் யாருடைய பாட்டைக் கேட்பது?

நேர அட்டவணை வந்ததும், தெரியாத பெயர்களின் மேடைப் பதிவைத் தேடிக் கேளுங்கள். ஸ்டுடியோ பதிவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஒற்றைக் குரலும் கிதாரும் என்றால் சின்னக் கூடாரத்தில் கேட்பதே சுகம். திறந்தவெளியில் பக்கத்து மேடையின் பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) அதிர்வு வெகுதூரம் பரவி, மென்மையான பாட்டை விழுங்கிவிடும். பல வாத்தியங்களோடு வரும் நாட்டுப்புறக் குழுவுக்கு ஒவ்வொன்றுக்கும் மைக் சரிசெய்ய நேரமாகும், தாமதத்தை எதிர்பாருங்கள். முதல் பாட்டில் ஒலிக்கலவை பல சமயம் சரியாக அமையாது, மூன்றாவது வரை பொறுங்கள். இரண்டு நிகழ்ச்சிகள் மோதினால் பிரபலத்தை விடுங்கள், அவர் மறுபடி வருவார். கட்டாயம் பார்க்க நாளுக்கு நான்கு போதும். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.