வால்வு லீக்குக்குக் கிளிப் போடலாமா? கிளினிக் போகும் முன் செய்யவேண்டியவை

அம்மாவுக்கு இதய வால்வு லீக், அதாவது வால்வு சரியாக மூடாமல் இரத்தம் திரும்பி வருகிறது என்றதும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சைத் திறக்கணுமா?" கேட்டிருக்க வேண்டியது வேறு. எந்த வால்வு, எதனால் லீக்? எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போட்டை வாங்கி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டு அதைத்தான் முதலில் கேளுங்கள்.

கிளிப் பெரும்பாலும் மைட்ரல் வால்வுக்குத்தான், அதாவது இதயத்தின் இடப் பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுக்கு. தொடை மடிப்பில் உள்ள இரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் வலப் பக்கத்திலிருந்து நடுச்சுவரில் சின்னத் துளை போட்டு இடப் பக்கம் போய், சரியாக மூடாத வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துக் கிளிப்பால் கவ்வ வைப்பார்கள். கிளிப்பின் இரண்டு பக்கத்து இடைவெளியாலும் இரத்தம் போகும், திரும்பி வருவது குறையும். மனிதருக்கு முதலில் 2003ல் போட்டார்கள். வழமையாக முழு மயக்கத்தில், தொண்டை வழியாக எக்கோ குழாயை இறக்கிப் பார்த்துக்கொண்டே செய்வார்கள், அதனால் ஆடுகிற பல், கட்டுப்பல், விழுங்கக் கஷ்டம் இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து, மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட்ட ஆளா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த நோயில் இதழ் தடித்து வாசலே சுருங்கியிருக்கலாம். அதில் கிளிப் போட்டால் இன்னும் சுருங்கும். சுருக்கம்தான் பெரிய பிரச்சினை, லீக் கொஞ்சம்தான் என்றால் பலூன் வைத்து விரிக்கிற வழி உண்டு, இல்லாவிட்டால் ஒப்பரேசன்.

இதயம் வீங்கி அதனால் லீக் ஆகிறவர்களுக்கு முதலில் மாத்திரைதான். 2018ல் வெளியான கோஆப்ட் ஆய்வில் 614 பேர். மாத்திரையை முழு அளவுக்குக் கொண்டுபோன பிறகும் கஷ்டப்பட்டவர்களில், கிளிப்பும் போட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசமும் மரணமும் குறைந்தன. அதே ஆண்டு பிரான்சில் வந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மாமாவுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். கிளிப்பின் விலையும் அதிகம், யார் கட்டுவது என்பதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று. கொழும்பில் டொக்டர், "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதா?" என்றார். அம்மா "இல்லைங்க" என்றார். லயத்தில் ஏது மாடி! தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது எத்தனை தரம் நிற்கிறார், இரவில் எத்தனை தலையணை, கொழுந்துக் கூடையைத் தூக்க முடிகிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை, வீட்டில் ஒருவர் கூடவே போங்கள்.

சரி, கிளிப் போட்டாயிற்று என்றால், தொடைக் காயம் ஆறும்வரை பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறுவதையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போனால் கிளிப் இருப்பதைச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒரே தராசில் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ கால் வீங்கினாலோ அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.