ஸ்கேனர் வாங்கும் முன்: நிறுவன நூலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்தை டிஜிட்டலாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் பலரும் முதலில் விசாரிப்பது ஸ்கேனர் விலையைத்தான். எதை ஸ்கேன் செய்வது என்பதை முடிவு செய்த பிறகுதான் அதற்கு வேலை. பைண்டு செய்து அடுக்கியிருக்கும் பெரிய ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளைப் பெரும்பாலும் பதிப்பாளர்களே மின்வடிவில் தருகிறார்கள். சொந்த ஆய்வுக்கூட அறிக்கைகளும் நிறுவனத்தின் உள்சுற்று இதழும் வேறெங்கும் கிடைக்காது. அவற்றில் தொடங்குங்கள்.

“காசு கொடுத்து வாங்கியதுதானே, ஸ்கேன் செய்தால் என்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. கைவசம் இருக்கும் நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வழிவிடுகிறது. ஆனால் அந்தச் சலுகை வணிக நோக்கமில்லாத பொது நூலகங்களுக்கு உரியது. கம்பெனி நூலகம் அதை நம்பி இறங்க முடியாது. அமெரிக்காவில் டெக்ஸகோ எண்ணெய் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் ‘ஜர்னல் ஆஃப் கேட்டலிசிஸ்’ இதழிலிருந்து 8 கட்டுரைகளை நகலெடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். நிறுவனம் முறையாகச் சந்தா கட்டிய இதழ்தான். அப்படியும் அது அனுமதி இல்லாமலே நகலெடுக்கச் சட்டம் இடம்தரும் ‘நியாயமான பயன்பாடு’ ஆகாது என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டே பெரும் தொகை கொடுத்து டெக்ஸகோ வழக்கை முடித்துக்கொண்டது. ஜெராக்ஸுக்கே இந்த நிலை. ஒரு அலமாரியையே சர்வரில் ஏற்றி எல்லாக் கிளைகளுக்கும் திறந்துவிடும் முன் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மின்சந்தாவுக்கு மாறும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: நாளை சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் கையில் இருக்குமா? அந்த வரி இல்லாமல் அச்சுத் தொகுதிகளைப் பழைய பேப்பருக்குப் போட்டால் இரண்டும் போய்விடும்.

அப்புறம் விவரப்பதிவு. கோப்புக்கு ‘ஸ்கேன் 001’ என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு யாராலும் தேட முடியாது. தொகுதி, இதழ், ஆண்டு, பக்கம், ஒவ்வொரு இதழுக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எல்லாம் வேண்டும். இதழின் பெயர் பெரிதாக மாறினால் ஐஎஸ்எஸ்என்னும் மாறும். அச்சுக்கும் மின்வடிவத்துக்கும்கூட வேறு வேறு எண். மின்பொறியியலில் இரண்டு சங்கங்கள் 1963இல் இணைந்துதான், ஆய்விதழ்கள் வெளியிடும் ஐஇஇஇ சங்கம் ஆனது. அதற்கு முந்தைய தொகுதிகளையும் அதே பெயரில் பதிந்தால் பழைய மேற்கோளைப் பிடித்து வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

எழுத்துப் பக்கங்களுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற ஸ்கேன் நுணுக்க அளவு) போதும். பொடி எழுத்துக்கும் வரைபடத்துக்கும் 400க்கு மேல் போங்கள். மூலப்பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்துக்கொண்டு, படிப்பதற்கு நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்-ஏ கொடுக்கலாம். கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் இதழ்களை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தேடலில் ஒரு சொல்லும் அகப்படாது.

ஸ்கேன் செய்துகொடுத்தவருக்குப் பணம் பட்டுவாடா செய்யும் முன் அட்டவணைகள் உள்ள பக்கங்களை அசலோடு ஒப்பிடுங்கள். பைண்டிங் மடிப்பில் அட்டவணையின் கடைசி நெடுவரிசை எண்கள் நிழலில் மறைந்திருக்கும். ஸ்கேன் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் ஓசிஆரில் தசமப்புள்ளி விடுபட்டு 1.5 என்பது 15 ஆகியிருக்கும். இதைப் பார்த்து முடிக்கும்வரை அச்சுத் தொகுதிகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.