மேற்குச் சுவர் வழியாக எவ்வளவு சூடு வருகிறது? கணக்குப் போடலாம் வாங்க

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேற்குப் பார்த்த அறை இருந்தால், மாலையில் சுவரைத் தொட்டாலே தெரியும். அந்தச் சூடு எத்தனை வாட் என்று கண்டுபிடிக்க, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பக் கடத்தல் விதியும் கொஞ்சம் வகுத்தலும் போதும்.

முதலில் சுவரின் அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே வரிசையாக எழுதுங்கள். நம் உதாரணத்தில் 20 மி.மீ. சிமெண்டுப் பூச்சு, 150 மி.மீ. கான்கிரீட், மறுபடி 20 மி.மீ. பூச்சு. வெயில் பட்ட வெளிப்பரப்பு 45 டிகிரி, ஏர்கான் போட்ட அறைக் காற்று 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து வெப்பத்தடை, அதாவது ஓர் அடுக்கு வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது. ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் மீட்டரில் எழுதி, வெப்பக் கடத்துதிறனால் (அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்பதைக் காட்டும் எண்) வகுக்க வேண்டும். பூச்சுக்குச் சுமார் 0.5, கான்கிரீட்டுக்கு 1.5 (அடர்த்தியைப் பொறுத்து மாறும்). ஆக, பூச்சு ஒவ்வொன்றும் 0.04, கான்கிரீட் 0.10. பலரும் விட்டுவிடுவது, சுவரின் உள்பக்கத்தை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தை. அதன் தடை 0.12. ஆமாம், 150 மி.மீ. கான்கிரீட்டைவிட அதிகம்!

ஒரே வெப்பம் எல்லா அடுக்கையும் கடப்பதால் தடைகளைக் கூட்டுங்கள்: 0.30. வெப்பநிலை வேறுபாடு 18. 18ஐ 0.30ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 60 வாட். 10 சதுர மீட்டர் சுவருக்கு 600 வாட், ஏர்கானுக்குச் சும்மா கிடைத்த கூடுதல் வேலை.

சரி, நடுவில் எங்கே எவ்வளவு சூடு? 60ஐ ஒவ்வொரு தடையாலும் பெருக்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 45, 42.6, 36.6, 34.2, 27. கை வைத்தால் சுடுவது அந்த 34.2. கடைசியில் 27 வராவிட்டால் எங்கோ கணக்கு தப்பு.

இப்போது மாற்றிப் பார்ப்போம். கான்கிரீட்டை இரு மடங்காக்கினால் மொத்தத் தடை 0.40தான், 45 வாட் வரும். அதற்குப் பதில் 25 மி.மீ. ஸ்டைரோஃபோம் (கடத்துதிறன் 0.035) சேர்த்தால் தடை 0.71 கூடுகிறது, வெப்பம் 18 வாட்டுக்கு இறங்கிவிடும். அதை வெளியே வைத்தாலும் உள்ளே வைத்தாலும் இந்த 18 மாறாது. கான்கிரீட்டின் வெப்பநிலைதான் மாறும்.

ஒன்று கவனியுங்கள். இது நிலையான நிலைக்கான கணக்கு, அதாவது வெப்பநிலைகள் நேரத்தோடு மாறாது என்று வைத்துக்கொண்டு போட்டது. வெயில் சில மணி நேரமே அடிக்கிறது, கான்கிரீட் சூடேறவே நேரமாகும். அதனால் நிஜத்தில் உச்ச அளவு 60ஐவிடக் குறையும். அதுவும் வெயில் இறங்கிய பிறகே அறைக்குள் வந்து சேரும்.