பாம்புக்குக் கட்டம் உண்டு, பசிக்கு இல்லை: பழைய சாவுக் கணக்கைப் படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தாது வருஷப் பஞ்சத்தைப் (1876–78) பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்: "பட்டினிச் சாவுன்னு சொல்றதெல்லாம் மிகைங்க. வெள்ளைக்காரன் ரெக்கார்டையே பாருங்க, எல்லாம் காலராவும் காய்ச்சலும்தான்."

ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்தப் படிவத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். சுகாதாரக் கமிஷனரின் வருடாந்தர அறிக்கையில் சாவுக்கான காரணங்கள் ஆறே கட்டங்களில் அடங்கிவிடும்: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வகைகள், காயங்கள், மற்றவை. காயங்களுக்குள் தற்கொலை, விபத்து, பாம்புக்கடி, காட்டு மிருகம் அடித்தது என்று உட்பிரிவுகள்கூட உண்டு. பாம்புக்குக் கட்டம் இருக்கிறது, பசிக்கு இல்லை. ஆறு மாதம் அரைவயிற்றுக் கஞ்சியில் கிடந்தவர் கடைசி இரண்டு நாள் பேதியாகிச் செத்தால், எழுதுகிறவர் எந்தக் கட்டத்தில் போடுவார்? 1877இல் இந்திய அரசு பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசுமாகக் குறைத்தபோது, அது உடம்புக்குப் போதாது என்று எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். சாவுக் கணக்கைத் தொகுத்த அதிகாரியே பசியைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார். அவர் இலாகாவின் பட்டியலில் மட்டும் பசி ஏறவில்லை.

அடுத்த சறுக்கல் 'காய்ச்சல்'. அதை அப்படியே மலேரியா என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டதே 1897இல். அதற்கு முன்பு எழுதியவருக்குத் தெரிந்ததெல்லாம் உடம்பு சுட்டது என்பதுதான். சாவு விழுந்த வீட்டில் "நாலு நாளா ஜுரம்" என்பார்கள், அது பதிவாகும். டைஃபாய்டு, நிமோனியா, காசநோய்க்காரரின் மாலை நேரச் சூடு, பிள்ளை பெற்றவளுக்கு வரும் ஜன்னி எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வங்காளத்துக் கிராமங்களில் சாவைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னவர் காவல்காரச் சௌக்கிதார். அவரிடம் மருத்துவக் காரணத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்னைக் கேட்டால் காலரா, பெரியம்மைக் கட்டங்களைக் கொஞ்சம் நம்பலாம். இரண்டும் படிப்பில்லாதவருக்கும் பார்த்ததும் தெரிகிற நோய்கள். காய்ச்சல் கட்டத்தை ஒரு கோணிப்பையாக எண்ணிக்கொள்வது உத்தமம்.

காரணத்தைவிட மோசமாக ஏமாற்றுவது விகிதம். ஆயிரத்துக்கு இத்தனை சாவு என்றால் அது ஒரு பின்னம். மேலே செத்தவர்கள், கீழே உயிரோடு இருந்தவர்கள். பஞ்ச காலச் சென்னையில் இந்த இரண்டும் வேறு வேறு கூட்டம். 1871 மக்கள்தொகைக் கணக்கில் நகரத்தில் 3,97,552 பேர். பஞ்சம் வந்ததும் சுற்று மாவட்டங்களிலிருந்து கஞ்சி கிடைக்கும் என்று ஜனங்கள் நகரத்தை நோக்கி நடந்தார்கள். (ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்களே, அந்தப் பெயர் அதற்கும் முந்தைய 1782 பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்தது.) வந்த இடத்தில் செத்தவர்கள் நகரத்துச் சாவாகப் பின்னத்தின் மேலே ஏறினார்கள். கீழே அதே 1871 எண்ணிக்கை. பேச்சுக்கு ஒரு கணக்கு: நாலு லட்சம் பேர் உள்ள ஊரில் 16,000 சாவு என்றால் ஆயிரத்துக்கு 40. அப்போது ஊருக்குள் இன்னும் ஒரு லட்சம் வெளியாள் இருந்திருந்தால் அதே சாவு ஆயிரத்துக்கு 32 ஆகிவிடும்.

பம்பாயில் கதை தலைகீழ். 1896இல் பிளேக் வந்தபோது ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1891இல் 8,21,764 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 7,76,006. ஓடியவர்களில் செத்தவர் சாவு கொங்கணத்துக் கிராமக் கணக்கில் சேர்ந்திருக்கும். தங்கியவர்களின் சாவையோ, ஊர் காலியான பிறகும், அது நிரம்பியிருந்த காலத்துத் தொகையால் வகுத்திருப்பார்கள்.

அமைதியான வருஷங்களிலும் ஊருக்கு ஊர் ஒப்பிடுவது ஆபத்து. 1901இல் கல்கத்தாவில் ஏறத்தாழ இரண்டு ஆணுக்கு ஒரு பெண். பிழைக்க வந்த வாலிபர்களின் ஊர் அது. முடியாமல் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சென்னையில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமம், குழந்தை குட்டியோடு குடும்பமாக வாழ்ந்த ஊர். அந்தக் காலத்தில் குழந்தைகள் இருந்த ஊரில் சாவு கூடத்தான் செய்யும். "கல்கத்தாவைவிடச் சென்னை மோசம்" என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு குழியில் விழுந்து எழுந்தவன்தான். பல வருஷத்துச் சாவு விகிதங்களை ஒரு தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். கோடு மேலே ஏறியது. "நகரத்தின் சுகாதாரம் சீர்கெட்டது" என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்த நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார்: "செத்தவங்க கூடுனாங்களா, எழுதுனவங்க கூடுனாங்களா?" சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்ததே 1899இல். பதிவு இறுகும்போது சாவு கூடியதுபோலத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

'ஆயிரத்துக்கு 69' என்ற எண்ணும் அடிக்கடி கண்ணில் படும். அது இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சாவு விகிதம், 1863இல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கையில் வருவது. எந்த நகரத்துக்கும் அதை ஒட்டவைக்க முடியாது. அதேபோல, சராசரி ஆயுள் 25 என்றால் எல்லோரும் இருபத்தைந்தில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டிலிலேயே போனவர்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்திருக்கிறார்கள். 1841இல் லிவர்பூலின் சராசரி ஆயுளும் 26ஐ ஒட்டித்தான் இருந்தது.

கடைசியாக, குழாய்த் தண்ணீர். 1872இல் செங்குன்றத்துத் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தது, ஆகவே காலரா குறைந்தது என்று ஒரே வரியில் முடிப்பார்கள். வந்து ஐந்தே வருஷத்தில், பஞ்சத்தோடு கைகோத்துக் காலரா நகரத்தைப் புரட்டிப் போட்டது. அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து திறந்த கால்வாயில், வடிகட்டாமல் வந்துகொண்டிருந்தது. வடிகட்டும் மணல் படுகைகள் கீழ்ப்பாக்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது 1914இல்.