சாந்த்-மரி-த-ல-மேர் தேவாலயம்: போகுமுன்

பிரான்சின் கமார்க் கடற்கரையில் உள்ள இந்த ஊருக்கு ஆர்ல் நகரிலிருந்து பஸ் உண்டு. 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரிதான் இருக்கும். முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று உள்ளேயே நன்னீர்க் கிணறும் வைத்திருக்கிறார்கள்.

வெயிலிலிருந்து நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.

பீடத்துக்குக் கீழே நிலவறையில், ரோமா (ஜிப்சி) மக்கள் காவல் புனிதையாக வணங்கும் சாராவின் கருப்புச் சிலை. பக்தர்கள் அங்கி மேல் அங்கியாகச் சாத்துவதால் முகம் மட்டும்தான் வெளியே தெரியும். ரோமா மக்கள் அவளைச் ‘சாரா காளி’ என்பார்கள். அவர்கள் மொழியில் காளி என்றால் கருப்பி. கூரை தாழ்வு, மெழுகுவத்திச் சூடு வேறு. புழுக்கம் தாங்காதவர்கள் காலையிலேயே இறங்கிவிடுங்கள். மெழுகுவத்திக்குச் சில்லறை யூரோ வேண்டும்.

கூரைமேல் ஏறத் தனிக் கட்டணம். சுழல்படி குறுகல், முதுகுப்பை சுவரில் உரசும். மேலே கல் பாவிய சரிவு, ரப்பர் அடிச் செருப்பே நல்லது. மிஸ்த்ரால் என்ற பலத்த வடகாற்று அடிக்கும் நாளில் தொப்பியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மே 24, 25 யாத்திரை நாட்கள். சிலையைக் கடலுக்குக் கொண்டுபோவதைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அப்போது வாருங்கள். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க அந்த நெரிசலில் வழியே இல்லை.