யாழ்ப்பாணத்தில் பேசாதீர்கள், கதையுங்கள்

ஹனோய், பாங்காக் என்று கிளம்பினால் சென்னைக்காரர்கள் வாயைத் திறக்குமுன் இரண்டு முறை யோசிக்கிறோம். யாழ்ப்பாணம் என்றால்தான் வினை. நம்ம பாஷைதானே என்று தி.நகர் கடையில் பேசுவதுபோல ஆரம்பித்துவிடுகிறோம். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு 2022 டிசம்பரில் மறுபடி விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு என் நண்பர்களில் பலர் போய்வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு சொதப்பல் கதை வைத்திருக்கிறார்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கியிருந்த வீட்டில் ஒரு பையன், கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கிறவன். “தம்பி, சாயங்காலம் உன்கூட கொஞ்சம் பேசணும்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “ஏன் அண்ணா, நான் என்ன செய்தனான்?” என்று கேட்டான். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். “அம்மா பேசுவா” என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் அர்ச்சனை காத்திருக்கிறது என்று அர்த்தம். போதாததற்கு நான் ‘உன்கூட’ என்று வேறு சொல்லியிருந்தேன். நமக்கு அது உரிமை, முதல் நாளில் கேட்கிறவருக்கு அப்படித் தோன்றாது. எவ்வளவு சின்னவராக இருந்தாலும் ‘நீங்கள்’ என்றே தொடங்குங்கள்.

அடுத்தது, “உங்க தமிழ் மலையாளம் மாதிரி இருக்கே!” பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம். அவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள். சினிமாவில் பார்த்த இலங்கைத் தமிழை அவர்களிடமே பேசிக் காட்டுவது அதைவிட மோசம். நம் படங்களையும் டிவியையும் பார்த்து வளர்ந்ததால் நம் பேச்சு அவர்களுக்குப் புரிகிறது, நமக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். “நீங்க உங்க பாட்டுக்குக் கதையுங்க, புரியலைன்னா கேக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். கெதியா என்றால் சீக்கிரம், ஓம் என்றால் ஆமாம், பகிடி என்றால் ஜோக். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

போரைப் பற்றி. தேநீர் ஆறுவதற்குள் “உங்க வீட்டுல யாராவது…?” என்று கேட்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். போர் முடிந்தது 2009 மே மாதம். இன்று இருபது வயதில் இருப்பவருக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கலாம். அவர்களாக எடுத்தால் கேளுங்கள், வாயை மூடிக்கொண்டு. மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கே வகுப்பெடுக்கிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். 1981இல் எரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பார்க்கப் போனாலும் இதே கதைதான். நமக்கு அது வரலாறு. உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது பரீட்சைக்குப் படிக்கிற இடம். அங்கே போய் அவரைப் பின்னணியில் வைத்து வீடியோ எடுக்காதீர்கள்.

கனடாவில் சொந்தக்காரர் உண்டா, மாதம் எவ்வளவு அனுப்புவார் என்பதெல்லாம் சென்னையிலேயே கேட்கக் கூடாத கேள்விகள்.

பையனிடம் அன்று மாலையே விஷயத்தைச் சொல்லிச் சமாதானமாகி, கோட்டைப் பக்கம் உட்கார்ந்து இருட்டும்வரை கிரிக்கெட் கதைத்தோம். கிளம்பும்போது அவனுடைய அம்மா, “அடுத்த முறை வரேக்க ஆறுதலா நிண்டு போங்கோ” என்றார். எனக்கு ஆறுதல் சொல்லும்படி என்ன ஆகிவிட்டது என்று விழித்தேன். “அவசரப்படாம எண்டு சொல்லுறா அண்ணா” என்று சிரித்தான் பையன்.